மாப்பிள்ளைக்குத் தெரியாமல்

அவசரப் பிரிவில் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்விக்கு நான் பொய் சொன்னேன். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாராங்க?" என்று கேட்டார். உள்ளே கட்டிலில் என் மாப்பிள்ளை மாதேஷ் வேகவைத்த பீட்ரூட் நிறத்தில் கிடந்தார். "இல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெற எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இந்த ஊரில் இப்போதும் யாரோ ஒருவர், என்னைப் போலவே நல்ல எண்ணத்தோடு, ஸ்பூனின் பின்பக்கத்தால் ஒரு மாத்திரையை நசுக்கிக்கொண்டிருக்கலாம். அவருக்காக இதை எழுதுகிறேன்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் துறையில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். குடித்துவிட்டு வேலைக்கு வந்தவருக்கு எப்போது நோட்டீஸ், எத்தனை நாளில் விளக்கம், யார் முன்னிலையில் விசாரணை என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எச்சரிக்கை, தற்காலிக நீக்கம், வேலைநீக்கம் என்று மூன்று படிகள். மூன்றாவது படியிலிருந்து இறங்கிப் போனவர்கள் அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று எழுதக் கோப்பில் இடம் இல்லை. அதனால் நானும் கேட்டதில்லை. ஆனால் விஷயத்தைச் சொல்லாமல், கையெழுத்து வாங்காமல் எவர்மீதும் நான் எதையும் செய்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. இருந்தது என்று திருத்திக்கொள்கிறேன்.

என் மனைவி காலமான பிறகு, மாடியில் குடியிருந்த மகள் உமாவும் மாப்பிள்ளையும் என்னோடு ஒரே சமையலுக்கு வந்துவிட்டார்கள். காலைக் காபி மட்டும் என் பொறுப்பு. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் உத்தனப்பள்ளி; பற்சக்கரம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். கெட்டிக்காரர். சம்பள நாளில் மட்டும் குடித்தவர் சனிக்கிழமைக்கு வந்து, அங்கிருந்து தினசரிக்கு வந்தது எங்கள் கண்ணெதிரேதான் நடந்தது.

அவர் என் கீழ் வேலை பார்த்தவராக இருந்தால் கூப்பிட்டு உட்காரவைத்து நேராகக் கேட்டிருப்பேன். மாப்பிள்ளையிடம் மாமனார் கேட்கக்கூடியது எங்கள் பக்கத்தில் "சாப்பிட்டீங்களா", "வண்டி எப்பிடி ஓடுது" என்பதோடு முடிந்துவிடும். அவர் தள்ளாடிப் படியேறும்போது நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். அது மரியாதை. மறுநாள் காலை அவர் என் முகத்தைப் பார்க்காமல் காபியை வாங்கிக்கொள்வார். அதுவும் மரியாதை. இரண்டு மரியாதைகளுக்கும் நடுவில் உமா இளைத்துக்கொண்டே போனாள்.

மனநல மருத்துவரிடம் போகலாம் என்று உமா ஒருமுறை சொன்னாள். "நான் இன்னா பைத்தியமா?" என்றார் அவர். அடுத்த அறையில் இருந்த நான் மனதுக்குள் அதை வழிமொழிந்தேன். குடியை நோய் என்று சொல்வது குடிகாரனுக்குத் தரும் மெடிக்கல் லீவு என்பது என் கருத்து. மனவுறுதி உள்ளவன் விடுவான், இல்லாதவன் விடமாட்டான். முப்பத்தோரு வருடம் இந்தக் கருத்துக்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை உமா தன் துணிகளைப் பையில் அடுக்கினாள். எங்கே போவாள், மாடியிலிருந்து கீழேதான். ஆனாலும் அவர் பயந்துவிட்டார். "நாளையிலிருந்து தொட்டா செருப்பால அடி" என்றார். மறுநாளிலிருந்து உண்மையாகவே தொடவில்லை. காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். கை நடுங்கியது; சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது; தூக்கமே இல்லை என்று உமா சொன்னாள். நாடகம் என்று நினைத்தேன். தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், சிலருக்கு உயிரே போகலாம், அதனால்தான் டாக்டர் மேற்பார்வையில் சில நாள் மருந்தோடு நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எதுவும் ஆகாமல் அவர் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். எங்கள் அறிவுக்கு அதில் பங்கில்லை.

இந்த முறையும் வழுக்கிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. பஸ் ஸ்டாண்டு சுவர்களில் 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று ஒட்டியிருப்பார்களே, அந்தச் சூரணங்களைப் பார்த்துச் சிரிப்பவன் நான். படித்தவன் அல்லவா. முறையான அலோபதி மாத்திரை ஒன்றை விசாரித்தேன். எங்கள் தொழிற்சாலை முதலுதவி அறையில் இருந்த பழைய கம்பவுண்டர் அதன் பெயரைச் சொன்னார்: டைசல்ஃபிரம். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கும் கடையும் கிடைத்தது.

அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை முழுக்கப் படித்தேன். எந்தத் தாளையும் முழுக்கப் படிப்பது என் பழக்கம். நோயாளிக்குத் தெரியாமல் ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. படித்தேன். மறுபடி மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை.

அவர் குடியை நிறுத்திய மூன்றாம் நாளிலிருந்து ஒன்பது காலைகள், காபியில் ஒவ்வொரு மாத்திரை. டிகாஷனைக் கொஞ்சம் கெட்டியாகப் போட்டேன். "இன்னைக்கு காபி சூப்பரா இருக்குது மாமா" என்று ஒருநாள் சொன்னார். கை நடுக்கம் குறைந்திருந்தது. முகம் தெளிந்திருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று நான் உள்ளூரப் பூரித்துப்போனேன்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. முதல் ஷிப்ட் முடிந்து, புனேவுக்கு மாற்றலாகிப் போகும் நண்பர் ஒருவரை வழியனுப்ப எல்லாரும் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போயிருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு அவருடைய சிநேகிதன் சீனா எனக்கு போன் செய்தான். மாப்பிள்ளையை வாடகைக் காரில் போட்டு ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டதாகச் சொன்னான். நானும் உமாவும் போய்ச் சேர்ந்தபோது நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தத்தின் மேல் எண் எழுபது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். சட்டையெல்லாம் வாந்தி.

"எவ்வளவு குடிச்சாரு?" டாக்டரம்மா கேட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு சொல் அதிகமாகப் பேசாதவர்.

"சத்தியமா ஒரே ஒரு பாக்கெட்டு சரக்குங்க மேடம்" என்றான் சீனா. "நாங்க பீரு சாப்டுக்கினு இருந்தோம். அண்ணன் வேணாம் வேணான்னு உக்காந்துக்கினு இருந்தாரு. கடைசில எழுந்து போயி தனியா ஒண்ணு வாங்கிக்கினு வந்தாரு. பாதி கூட தாண்டல, மூஞ்சி செவந்துடுச்சி."

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியும் என் பொய்யும்.

பொய் சொன்னவுடன் நான் மிகவும் சுறுசுறுப்பாகிவிட்டேன். விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுவார்கள், போலீசுக்குத் தகவல் போகுமா, ஈஎஸ்ஐ கார்டு செல்லுமா, கம்பெனிக்கு யார் சொல்வது என்று கவுண்டருக்கும் கதவுக்குமாக நடந்தேன். எல்லாப் படிவங்களையும் நானே நிரப்பினேன். "அப்பா, கொஞ்சம் உக்காருங்க" என்றாள் உமா. உட்கார்ந்தால் யோசிக்க வேண்டியிருக்கும். சட்டைப் பையில் அந்த மாத்திரை அட்டை இருந்தது. அன்று காலை அவசரத்தில் அங்கே வைத்தது.

ஈசிஜி எடுத்தார்கள். ஒவ்வாமை ஊசி போட்டார்கள். சிவப்பு குறையவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து எங்கள் இருவரையும் ஓரமாக அழைத்தார்.

"கொஞ்சமாத்தான் குடிச்சிருக்காரு, ஆனா ரியாக்‌ஷன் ரொம்ப அதிகம். அந்த பாக்கெட் கலப்படமா இருக்கலாம், மெத்தனால். ரத்தம் வெளி லேபுக்கு அனுப்பணும், ரிசல்ட் வர லேட்டாகும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. மருந்து ஆரம்பிக்கறத பத்தி சீனியர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்."

"என்ன மருந்து?" என்றேன்.

"எத்தனால். சாராயந்தான் சார். விஷச் சாராயத்துக்கு சுத்தமான சாராயத்த அளவா குடுப்போம். அது முறிவு."

அரைப் பாக்கெட்டுக்கே எழுபதுக்கு இறங்கிய உடம்பு. அதில் மேலும் சாராயத்தை ஏற்றப்போகிறார்கள், நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி.

"டாக்டர், ஒரு நிமிஷம்." சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். ஒன்பது குழிகள் காலி. "இதை அவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குத் தெரியாது."

அவர் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார். திரும்பி உள்ளே ஓடினார். ஓடும்போதே நர்ஸிடம் என்னவோ சொன்னார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தபோது குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"கடைசியா எப்ப குடுத்தீங்க?"

"இன்று காலை ஐந்தேகாலுக்கு."

"முதல்லயே கேட்டேனே சார்."

"கேட்டீர்கள்."

"படிச்சவங்கதான் இத அதிகமா பண்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தன நாளாப்பா?" என்றாள். ஒன்பது நாள் என்றேன். "எனக்குக் கூடச் சொல்லல." அவ்வளவுதான். எழுந்து போய் எதிர் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த இரண்டு நாளும் அவள் அந்த வரிசையில், நான் இந்த வரிசையில். ஆனால் கேன்டீனிலிருந்து இட்லி வாங்கும்போது எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி, பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போவாள். சர்க்கரை மாத்திரை போட்டீங்களா என்று கேட்கமாட்டாள், போடும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

என்ன நடந்தது என்பதை டாக்டரம்மா பிறகு விளக்கினார். குடிக்கும் சாராயத்தை உடம்பு இரண்டு படிகளில் உடைக்கிறது. முதல் படியில் அது ஒரு நச்சாக மாறுகிறது. இரண்டாம் படியில் அந்த நச்சு நீங்குகிறது. இந்த மாத்திரை இரண்டாம் படியின் கதவைச் சாத்திவிடும். நச்சு தேங்கி முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும், சிலருக்கு இதயமே நின்றுபோகும். மாத்திரையை நிறுத்தினாலும் பல நாளைக்கு அந்தக் கதவு திறக்காது. 'நான் இதைச் சாப்பிடுகிறேன், குடித்தால் இப்படி ஆகும்' என்று தெரிந்தவருக்கு அந்த அறிவுதான் மருந்து. தெரியாதவருக்கு அது வெறும் பொறி. சலைனும், ஆக்சிஜனும், அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தும் சொட்டுச் சொட்டாக ஏற, அவர் இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்.

வெளியே காத்திருப்பவர்களிடம் நோயை மறைக்க முடியாது. ஞாயிறு மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் குடிதான் விஷயம் என்று தெரிந்துவிட்டது. எல்லாரிடமும் வைத்தியம் இருந்தது. கணவரின் கல்லடைப்புக்காக வந்திருந்த பாகலூர்ப் பக்கத்து அம்மா, கோயிலில் கயிறு கட்டினால் போதும் என்றார். "எங்க மாமனாரு கட்டுனாரு. கயிறு அறுந்த அன்னிக்கித்தான் மறுபடி குடிச்சாரு. அதுவரைக்கும் தொடவே இல்ல."

"எத்தனை நாளில் அறுந்தது?" என்றேன்.

"பத்து நாளு."

ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர் கையை ஆட்டி அதை ஒதுக்கினார். "கயிறெல்லாம் வேலைக்காவாதுமா. அடி வாங்கி, மானம் போயி, நடுரோட்டுக்கு வந்தாத்தான் திருந்துவானுங்க. இல்லன்னா மாத்தர இருக்குது. கொழம்புல கலந்துடணும்." என் பக்கம் சாய்ந்து ரகசியம்போலச் சொன்னார். "தெரியாம குடுக்கணும் சார். அதான் சூட்சுமம்."

எதிர் வரிசையில் உமா தலையைக் குனிந்துகொண்டாள். "கலக்காதீங்க. நான் கலந்துதான் அவர் உள்ளே கிடக்கிறார்" என்றேன். பெரியவர் தன் செருப்பைத் தேடிக்கொண்டு வேறு நாற்காலிக்குப் போனார்.

திங்கட்கிழமை மாப்பிள்ளையை வார்டுக்கு மாற்றினார்கள். மனநல மருத்துவர் வந்து பார்த்தார். அவரோடு ஆலோசகர் பாத்திமா. அவரிடம்தான் கேட்டேன், மாப்பிள்ளையிடம் யார் சொல்வது என்று. "நீங்கதான் சார். வேற யாரு சொன்னாலும் அது புகார் ஆயிடும்" என்றார் அவர்.

எத்தனையோ பேருக்குக் குற்றச்சாட்டுகளை வாசித்துக் காட்டியிருக்கிறேன். அன்று மாப்பிள்ளையின் கட்டிலருகே நின்றபடி என்மேலுள்ளதை நானே வாசித்தேன். மாத்திரையின் பெயர், தேதிகள், தாளைப் படித்தது, டாக்டரிடம் இல்லை என்று சொன்னது. எதையும் விடவில்லை.

அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார். "எதுல கலந்தீங்க?"

"காபியில்."

"அந்தப் பதினோரு நாளு நானே நிறுத்திட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மாமா" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்கதான் மாப்ள நிறுத்தினீங்க. அந்த மாத்திரை குடிக்கிற ஆசையைத் தொடாதாம். டாக்டர் சொன்னார். ஆசையோட மல்லுக்கட்டினது நீங்க. அதைப் பார்க்காம என் மாத்திரைக்கு நான் மார்க் போட்டுக்கிட்டேன்." அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு எந்த மாத்திரையையும் அவர் தொடவில்லை. வாந்திக்குக் கொடுத்ததைக்கூட. வீட்டிலிருந்து வந்த சோறு அப்படியே திரும்பியது. நர்ஸ் தண்ணீர் ஊற்றினால், பாட்டிலின் மூடி புதிதா என்று பார்த்தார். மனநல மருத்துவர் வேறொரு மருந்தைச் சொன்னார். குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் மருந்து, குடித்தால் தண்டிக்காது, அதோடு வாராவாரம் ஆலோசனையும் உண்டு. "வேணாங்க. மாத்தரன்னாலே வேணாம். என்னை வீட்டுக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் மாப்பிள்ளை. புதன்கிழமை டிஸ்சார்ஜ். சிகிச்சை இல்லாமல் அவர் வெளியே போனால் அடுத்த சனிக்கிழமை எங்கே இருப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், அவர் பிழைக்கும் வழியை நான் அடைத்துவிட்டிருந்தேன்.

பாத்திமா அவரிடம் கெஞ்சவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் புது மருந்தின் திறக்காத அட்டையையும் பெட்டிக்குள்ளிருந்த தாளையும் மாப்பிள்ளையின் மடியில் வைத்தார்.

"படிங்க. புரியாததுக்கு என்னைக் கேளுங்க. வேணான்னா திருப்பிக் குடுத்துடுங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்."

"இது இன்னொரு போதைதானே?" மாப்பிள்ளை கேட்டார்.

"இல்ல. இதுல கிக்கும் வராது, இதுக்கு நீங்க அடிமையாவும் மாட்டீங்க. ஈரலுக்கு ஆகுமான்னு மட்டும் பாக்கணும், அதுக்கு ரத்தம் எடுத்தாச்சு."

"சாப்ட்டா குடிக்கவே மாட்டேனா?"

"குடிக்கலாம். நெறைய பேரு நடுவுல ஒரு தடவ, ரெண்டு தடவ வழுக்கறாங்க. சர்க்கரை ஏறுனா டாக்டர் வெளிய தொரத்தறாரா? மருந்த மாத்திப் பாக்கறாரு. இதுவும் அப்பிடித்தான். வழுக்குனா உடனே வாங்க, அது ஒண்ணுதான் எங்களுக்கு வேணும்."

வழுக்கினால் தற்காலிக நீக்கம், மறுபடி வழுக்கினால் வேலைநீக்கம் என்று எழுதிப் பழகிய கை என் மடியில் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் முழுவதும் மாப்பிள்ளை அந்தத் தாளை விரல் வைத்துப் படித்தார். போனில் ஒவ்வொரு சொல்லாகத் தேடினார். சாயங்காலம் உமாவிடம் பேனா கேட்டு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு பாத்திமாவிடம், என் காதில் விழும்படியாகவே, "அட்ட எங்கிட்டத்தான் இருக்கணும். மாமா கை படக் கூடாது" என்றார். நியாயமான நிபந்தனை. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகு தன் காபியைத் தானே போட்டுக்கொண்டார். டிகாஷன் தண்ணீராக இருக்கும். வாராவாரம் ஆலோசனைக்குப் போனார். குடும்பத்தாருக்கான நாட்களில் நானும் உமாவும் போனோம். அங்கே என்னைப் போன்ற மாமனார்களும் அப்பாக்களும் நிறைய. நான் கலந்ததைச் சொன்னபோது இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். உமா என்னோடு பேச ஆரம்பித்திருந்தாள். மாப்பிள்ளை பேசவில்லை. சாப்பிட்டீங்களா என்றால் ம் என்பார். அவர் குடிக்கவில்லை; எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

மூன்று மாதம் கடந்து, அவருக்கு இரண்டாவது ஷிப்டாக இருந்த ஒரு வாரத்தில், காலை பதினொரு மணிக்கு என் போன் அடித்தது. மாப்பிள்ளை பெயரில் எனக்கு அழைப்பு வருவது அபூர்வம்.

"மாமா. உமா இருக்குதா?"

"வேலைக்குப் போயிட்டா."

"செரி." பின்னால் லாரி சத்தம் கேட்டது. "அத்திப்பள்ளில இருக்கேன். குடிச்சிட்டேன்."

'ஏன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. என் வாழ்நாளில் நான் அதிகம் எழுதிய கேள்வி அது. விழுங்கினேன். "எங்கே உட்கார்ந்திருக்கீங்க? வண்டியைத் தொடாதீங்க. நான் வர்றேன்."

பஸ் பிடித்து எல்லை தாண்டிப் போனேன். பழக்கடை ஓரமாக, மூடியிருந்த ஒரு ஷட்டர்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. முகம் சாதாரணமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்க நேரமாயிற்று.

"நாலு நாளா உள்ளுக்குள்ள அரிச்சிக்கினே இருந்துச்சி மாமா. பாத்திமா மேடத்துக்கு போன் பண்ணலாம்னு நெனச்சேன். பண்ணல."

"எனக்குப் பண்ணினீங்களே."

"சீனாவக் கூப்ட்டா இன்னொண்ணு போடலாம்பான். உமா அழுவும்." என்னைத் திரும்பிப் பார்த்தார். மருத்துவமனைக்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "என்னைத் திட்ட முடியாத ஒரே ஆளு நீங்கதான மாமா."

"ஆமாம் மாப்ள" என்றேன்.

ஆட்டோ ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினேன். எங்கே போகணும் என்று டிரைவர் கன்னடத்தில் கேட்டான். வீட்டுக்கா என்று மாப்பிள்ளையைக் கேட்கத் திரும்பினேன். அவர் எனக்கு முன்பே ஏறி உட்கார்ந்து, ஓசூரில் பாத்திமா இருக்கும் மருத்துவமனையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு ஓபி மூடிவிடுவார்கள், அதற்குள் போகணும் என்று அவனை விரட்டினார்.